அத்துமீறியவர் யார்?

'அத்து' என்னும் சொல்லுக்கு எல்லை என்பது பொருள். பிறருடைய எல்லையைக் கடந்து உட்புகுவதை அத்துமீறல் என்று எமது நீதிமன்றத் தமிழ் கூறும். அயல் வீட்டு மதிலேறி மாங்காய் பறிக்கும் சிறுவனும் அத்துமீறியவனே. நிலமற்ற உழவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் துணை நின்றவர்களை ஒடுக்குவதற்கு இந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதையே இவ்வாரம் எடுத்துப் பேச எண்ணுகிறோம். குடும்பப் பக்கத்திற்கு இது ஏற்ற விஷயந்தானா என்று சிலர் ஐயுறலாம். வீடு என்பது குடும்பப் பக்கத்துக்கு உரிய விஷயமானால் இதுவும் உரியதே. தண்டனை விழுந்தது பெரும்பாலும் வீட்டின் மீதுதான்.

கதையின் தொடக்கத்தைத் தேடி ஹெவ்லொக் டவுன் வாசகர்கள் மலைநாடு வரை செல்ல வேண்டியதில்லை. ஹெவ்லொக் வீதியில் இன்று ஹெவ்லொக் சிட்டி என்னும் தொடர்மாடிகள் வானளாவி நிற்கும் நிலத்தில், முன்னாளில் இயங்கியது வெள்ளவத்தை நூற்பு நெசவாலை. 1933ஆம் ஆண்டில் அங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் ஏறக்குறைய 1,400 பேர். இந்தியாவிலிருந்து வந்தோரே அவர்களுள் அதிகம், மலையாளிகள் பலர். உலகெங்கும் பரவியிருந்த பொருளாதார மந்தத்தின் சுமை அவர்களுடைய சம்பளத்தில் வந்து இறங்கிற்று. அந்நாளில் கொழும்புத் தொழிலாளரின் பெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க இவ்வேலைநிறுத்தத்தை ஆதரிக்கவில்லை, எதிர்த்தே நின்றார். ஆகவே தொழிலாளர் வேறு துணை தேடினர். கொல்வின் ஆர். டி சில்வா தலைவராகவும் வேர்னன் குணசேகர செயலாளராகவும் அமைந்த ஒரு புதிய சங்கம் தோன்றியது. இருவரும் சட்டம் கற்ற இளைஞர்கள். போராட்டம் பெரும் பயன் எதையும் ஈட்டவில்லை. ஆனால் அந்த இளைஞர்களின் பெயர்கள் இக்கதையில் மீண்டும் மீண்டும் வரும்.

ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வசதி இருந்தது. வாயிலைத் தாண்டி நாலடி நடந்தால் பொது வீதி. அங்கே நின்று பேசலாம், துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம், கூடிக் குரலெழுப்பலாம். மாலையில் அவன் திரும்பிச் செல்லும் அறை முதலாளியுடையதன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலோ இவை யாவும் தலைகீழ். வேலைத்தலமும் வீடும் ஒரே வேலிக்குள். லயத்துக்குப் போகும் பாதையும், பீலியில் விழும் தண்ணீரும், பிள்ளைமடுவமும், இடுகாடும் தோட்டத்துக்கே சொந்தம். வெளியிலிருந்து வரும் எவரும், உறவினரேயாயினும், துரையின் அனுமதியோடுதான் நுழைய வேண்டும் என்பது வழக்கமாயிருந்தது. அனுமதியின்றி வந்தவர் அத்துமீறியவர். அவர் கூறவந்த செய்தி யாது என்பது கேள்வியே அன்று.

இந்த வேலியை முதன்முதலிற் பிளந்தவருள் தலையாயவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். துணி வியாபாரியைப் போலத் தோற்றங் கொண்டு தோட்டங்களுக்குள் அவர் சென்றுவந்த வரலாறு மலையகத்தில் இன்றும் பேசப்படுகிறது. புடவை மூட்டையைச் சுமந்து வருபவனுக்குத் தோட்டத்துக் கதவு திறக்கும். நியாயத்தைச் சுமந்து வருபவனுக்குத் திறக்காது. இதை அறிந்து அவர் நடந்துகொண்டார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளை எம் சகோதரிகள் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். கூட்டங்களில் மேடையேறிப் பாடி, தொழிலாளரின் துயரை அவர்களுக்கே விளங்கும் மெட்டுகளில் எடுத்துரைத்தவர் அவர். எழுத்தறியாத பெண்கள் பெருந்தொகையினராயிருந்த இடத்தில், பாட்டே பத்திரிகை ஆயிற்று. பெண்கள் பொதுமேடையில் நிற்பதையே ஊரார் வியப்போடு நோக்கிய காலம் அது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர்கள் கேட்டவை என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளையின் கூலியையும் சட்டமே வகுத்துக் கொடுத்தது என்பதைக் கவனிக்கவும். சில ஆண்டுகளில், மந்தத்தைக் காரணங்காட்டி இந்தச் சிறு தொகையும் குறைக்கப்பட்டது. இதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைக்கவும், பேசியதற்காக வேலையை இழக்காதிருக்கவுமே அவர்கள் உரிமை கோரினர்.

1937இல் நிகழ்ந்தது எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தியது. இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த மார்க் அந்தனி பிரேஸ்கர்டில் என்னும் இளைஞர், தேயிலைத் தொழிலைப் பயிலும் சின்னத்துரையாக முந்திய ஆண்டில் இலங்கைக்கு வந்தார். மடுல்கெலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் அமர்த்தப்பட்டார். தொழிலாளர் வாழ்ந்த நிலையைக் கண்டு அவர்கள் பக்கம் பேசினார், வேலை போயிற்று. பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். ஏப்ரல் மாதத்தில் நாவலப்பிட்டியிற் கூடிய பெருங் கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய வீற்றிருந்த அதே மேடையில், பிரேஸ்கர்டிலும் பேசினார். துரைமாரின் கொடுமைகளை ஒரு துரையே எடுத்துச் சொன்னால் தோட்ட நிர்வாகங்கள் பொறுக்குமா? தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்துள் நாட்டை விட்டு வெளியேறுமாறு அவருக்கு ஆணை பிறப்பித்தார்.

கப்பல் புறப்பட்டது, பிரேஸ்கர்டில் அதில் இல்லை. ஒளித்திருந்தார். மே மாதம் 5ஆந் திகதி அரசாங்க சபை, தேசாதிபதியின் செயலைக் கண்டித்து 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. அன்று மாலையே காலிமுகத்திடலிற் கூடிய மாபெருங் கூட்டத்தின் மேடையில், பொலிஸார் தேடித் திரிந்த மனிதர் திடீரெனத் தோன்றினார்! சில நாட்களில் அவர் கைதானார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நாட்டின் முதன்மையான நியாயவாதிகளுள் ஒருவரான எச். வி. பெரேரா ஊதியம் பெறாது வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையில் அமர்ந்த நீதியரசர்கள், 1937 மே 18ஆந் திகதி அவரை விடுவித்தனர். நெருக்கடிக் காலத்துக்கென வகுத்த அதிகாரத்தை, அமைதிக் காலத்தில், பேசினான் என்பதற்காக ஒருவன் மேல் ஏவ முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கைப் பெருமையோடு சொல்லிக்கொள்வது எமது வழக்கம். பெருமைக்குரியதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். பிரேஸ்கர்டிலைக் காக்க அரசாங்க சபையும், காலிமுகத்திடலும், புதுக்கடையும் திரண்டெழுந்தன. அவர் வெள்ளைக்காரர், அவர் பெயர் இலண்டன் வரை கேட்டது. அவர் யாருக்காகப் பேசினாரோ, அந்தத் தொழிலாளருள் ஒருவன் அதே வார்த்தைகளைப் பேசியிருந்தால், 48 மணி நேரத்து அவகாசமும் ஆணைப் பத்திரமும் தேவைப்பட்டிரா. துரையின் பற்றுச்சீட்டு ஒன்றே போதும். பற்றுச்சீட்டு என்றால் எம் பட்டினத்து வாசகர் கடையில் பணம் செலுத்தியதற்குப் பெறும் துண்டு என நினைப்பர். தோட்டத்தில் அது வேலைநீக்கச் சீட்டு. அது கைக்கு வந்ததும் வேலை போகும். வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். அவன் மட்டுமன்றி மனைவியும், பிள்ளைகளும், கிழத் தாயும் சட்டி பானையோடு தெருவுக்கு வர வேண்டும். ஒருவனுடைய வாயை அடைக்க அவன் வீட்டு அடுப்பை அணைப்பதே இம்முறையின் தந்திரம். சங்கத்தில் சேர எண்ணியவன் முதலில் யோசித்தது பொலிஸைப் பற்றி அன்று. மழைக்காலத்திற் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்பதைப் பற்றியே. வீட்டிலிருந்த பெண்களின் துணிவு இல்லாமல் எந்தச் சங்கமும் எழுந்திராது என நாம் சொல்வது இதனாலேதான்.

1940 ஜனவரி 10ஆந் திகதி, கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதற் களப்பலியாக அவரைக் கொள்வது வழக்கம். விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. கோவிந்தனின் விதவைக்காக அதன்முன் தோன்றியவர், வெள்ளவத்தை ஆலையில் நாம் முன்னர் சந்தித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா. அத்தோட்டத்து வழக்குகளை ஒத்திவைக்கும் விஷயத்தில் உள்நாட்டு மந்திரி சொன்னதைப் பொலிஸ் மாஅதிபர் கேட்க மறுத்தார். தேசாதிபதி கால்டிகொட் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். மந்திரிசபை முழுவதும் பதவி துறந்தது. ஒரு கூலியாளின் சாவு ஓர் அரசாங்கத்தையே ஆட்டிவிட்டது என்று கூறலாம். ஆயினும் மந்திரிமார் வருந்தியது கோவிந்தனுக்காக என்பதைவிட, தம் அதிகாரத்துக்காக என்று சொல்வதே பொருந்தும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கொல்வினும், என். எம். பெரேராவும், பிலிப் குணவர்தனவும், எட்மண்ட் சமரக்கொடியும் சிறை வைக்கப்பட்டனர். யுத்தத்தை அவர்கள் எதிர்த்ததும் தோட்டங்களில் அடுத்தடுத்து மூண்ட வேலைநிறுத்தங்களும் இதற்குக் காரணங்கள்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததையும் மறைக்கக் கூடாது. புப்புரெஸ்ஸைப் பகுதியிலுள்ள ஸ்டெலென்பேர்க் தோட்டத்தின் துரை கொலையுண்டார். வீராசாமி, வேலாயுதன் என்னும் இரு தொழிலாளர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். கொலையை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தோம். ஆனால் முறையிட வழியில்லாத இடத்தில் மனக்கசப்பு எந்த எல்லைக்குச் செல்லும் என்பதைத் துரைமார் சங்கம் அதற்கு முன்னரே உணர்ந்திருந்தால், மூன்று குடும்பங்கள் அழியாமல் இருந்திருக்கும்.

நேவ்ஸ்மயர் வழக்கு நியாயவாதிகள் நன்கறிந்தது, மற்றையோர் மறந்துவிட்டது. கேகாலை மாவட்டத்திலுள்ள இத்தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக, அதாவது நிலமற்ற சிங்களக் கிராமத்தவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக, அரசாங்கம் சுவீகரித்தது. அக்கிராமத்தவரின் நிலப்பசி பொய்யன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் அதன்பின் வந்தவையும் அவர்களுடைய பாட்டன்மார் சேனை செய்த காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பறித்துக் கோப்பிக்கும் தேயிலைக்கும் கொடுத்திருந்தன. பறித்தவர் வேறு, ஈடு செய்யுமாறு கேட்கப்பட்டவர் வேறு. தோட்டத்திலே வாழ்ந்து, லயத்தின் அருகே சிறு தோட்டம் வைத்துப் பயிரிட்டு வந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறுமாறு அறிவித்தல் வந்தது. அவர்கள் போக மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு அனுதாபமாக மலைநாட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர்.

போக மறுத்தவர்களின் மீது சுமத்தப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? அத்துமீறல்! தாம் வாழ்ந்த காம்பராவில், தாமே கூட்டித் துடைத்த திண்ணையில், அவர்கள் அத்துமீறியவராயினர். செல்வநாயகம் என்னும் தொழிலாளியின் வழக்கு இங்கு தோல்வியுற்று இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. (அரசியல் தலைவர் செல்வநாயகத்தை இவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயரொற்றுமை மாத்திரமே.) எமது தண்டனைச் சட்டக் கோவையின்படி, குற்றமான அத்துமீறலுக்கு ஒரு தீய நோக்கம் வேண்டும். குற்றம் புரியவோ, நிலத்தை வைத்திருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணியிருக்க வேண்டும். தொழிலாளி தோட்டத்து அதிகாரியைத் தொல்லைப்படுத்தவே தங்கியிருந்தான் என்பது அரசாங்கத் தரப்பின் வாதம். 1950இல் பிரிவிக் கவுன்சில் இதை ஏற்க மறுத்தது. இம்மனிதனுடைய முதன்மையான நோக்கம் தன் வீட்டை இழக்காதிருப்பது. அதனால் வேறொருவர் தொல்லையுறுவார் என்று அவன் அறிந்திருந்தாலும், அது தொல்லைப்படுத்தும் நோக்கமாகாது என்று கூறி, அவனைக் குற்றத்தினின்று விடுவித்தது. இன்றும் எமது சட்ட நூல்களில் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது. சட்டம் பயிலும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வழக்கின் பெயரை உடனே கூறுவர். அவன் எந்த வீட்டுக்காக வாதாடினான் என்பதை எத்தனை பேர் கூறுவரோ, அறியோம்.

இலண்டனில் நீதியரசர்கள் அவன் பக்கம் நியாயம் கண்ட வேளையில், கொழும்பிலோ அவனும் அவனைப் போன்ற பல இலட்சம் பேரும் இந்நாட்டின் பிரசைகளே அல்லர் என்று ஏலவே சட்டம் இயற்றி முடிந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமே அது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அதுவரை கிளர்ச்சிக்காரரை மட்டும் வெளியார் என்றனர். இப்போது ஒரு சமூகம் முழுவதுமே வெளியார் ஆக்கப்பட்டது. சங்கத் தலைவனை ஒடுக்குவதற்கு இதனினும் இலகுவான வழி வேறில்லை. வாக்கில்லாதவனுக்காக எந்தப் பிரதிநிதி வாய் திறப்பார்? 1964இல் இரண்டு பிரதமர்கள் அமர்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக ஒதுக்கி வைத்தனர். நெல் மூட்டையைக்கூட இவ்வளவு அலட்சியமாக எவரும் பங்கிடார். நாடற்றோர் என்னும் பெயர் சட்டத்தால் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நேவ்ஸ்மயரின் கதை 1977இல் திரும்ப நிகழ்ந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின்னர், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைத் துண்டாடிப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடாயிற்று. பிழைப்பும் குடியிருப்பும் போய்விடுமென அஞ்சித் தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். மே மாதம் 11ஆந் திகதி, தலவாக்கொல்லையை அடுத்த டெவன் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் மாண்டார். திட்டம் கைவிடப்பட்டது. மலையகத்தார் ஆண்டுதோறும் அந்நாளில் அவரை நினைவுகூருகின்றனர். கொழும்பிலே வாழும் எம்மில் பலருக்கு அப்பெயரும் தெரியாது.

கடலுக்கு அப்பால், கீழத் தஞ்சையிலும் இதே வீட்டுப் பிரச்சினைதான். கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்டதற்காகவும் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காகவும், 1968 டிசம்பர் 25ஆந் திகதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் அதிகம். அங்கும் விவசாயத் தொழிலாளியின் குடிசை நின்ற மனை பண்ணையாருக்கே உரியதாக இருந்தது. கொடியை இறக்கு அல்லது குடிசையை விட்டுப் போ என்று அதட்ட அவருக்கு அது வாய்ப்பாயிற்று. அந்தத் துயரத்தின் பின்னர் தமிழ்நாட்டரசு 1971இல் ஒரு சட்டம் செய்தது. குடியிருந்தவருக்கே குடியிருப்பு மனையின் உரிமையை வழங்கியது. கூலிச் சட்டங்கள் பலவற்றினும் இதையே நாம் மேலானதாக மதிக்கிறோம். காலடி மண் தன்னுடையது என்று ஆன பிறகு, கூலிக்காரன் வாய் திறந்து கேட்கிறான்.

எமது மலையகத்தில் அத்தகைய சட்டம் அக்காலத்தில் வரவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றபோதும், லயங்கள் நின்ற நிலம் அங்கு வாழ்வோருக்கு எழுதப்படவில்லை. அண்மைக் காலத்தில்தான் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்னும் அளவில் காணியும் தனிவீடும் வழங்கும் திட்டங்கள் தொடங்கின. சிலருக்குக் கிடைத்திருக்கிறது, பெரும்பாலான குடும்பங்கள் காணி உறுதியின்றியே வாழ்கின்றன. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. ஒரு வீடும், வாயிலில் நாலு கறிமிளகாய்ச் செடியும், பின்புறத்தில் ஒரு மாட்டுக் கொட்டிலும் வைக்க அது போதும். நேவ்ஸ்மயர் மக்கள் 1946இல் விட்டுப்போக மறுத்ததும் ஏறத்தாழ இவ்வளவைத்தான்.